அண்டை வீட்டு மரமும் நம் வீட்டு வெயிலும்

சென்னையிலிருந்து வடக்கே செல்லும் புறநகர் மின்ரயில்களில் பல தம் ஓட்டத்தை முடித்துக்கொள்ளும் கும்மிடிப்பூண்டியிலும், அதைச் சுற்றியுள்ள சிப்காட் தொழிற்பேட்டையின் ஓரங்களிலும், தெற்கே பொன்னேரி, திருவள்ளூர் வரையிலான மனைப்பிரிவுகளிலும், ஒரு காலத்தில் வயலாகவும் சவுக்குத் தோப்பாகவும் இருந்த நிலங்கள் கிரவுண்டாகவும் அரைக் கிரவுண்டாகவும் துண்டாடப்பட்டு வீடுகள் எழும்பிய பிறகு, அங்கே குடியேறியவர்களுக்குள் நடக்கும் சச்சரவுகளை எண்ணிப் பார்த்தால், வாசலில் வண்டி நிறுத்துவது, கழிவுநீரை வீதியில் விடுவது ஆகிய பிரசித்தமான காரணங்களோடு, வெளியே அதிகம் பேசப்படாமல் வருஷக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே புகைந்துகொண்டிருக்கும் விவகாரம் ஒன்றும் அகப்படும். பக்கத்து வீட்டுக்காரர் மதிலோரமாக வைத்து வளர்த்த மரவரிசை நம் வீட்டுக்கு வெயில் வராமல் அடித்துவிட்டது என்பதே அது.

வெயிலுக்காகவா சண்டை என்று வெளியூர்க்காரர் சிரிக்கலாம். அக்கினி நட்சத்திரத்தில் வாசலில் கால் வைக்க முடியாமல் தவிக்கிற ஜில்லாவில், வெயிலை மறைத்தவருக்கு நன்றி சொல்வதல்லவா முறை என்றும் கேட்கலாம். ஆனால் வெயில் என்பது பன்னிரண்டு மாதமும் ஒரே சரக்காக இருப்பதில்லை. சித்திரை மாதத்து உச்சி வெயில் யாருக்கும் வேண்டாதது. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழிப் பனி தொடங்கும்போது காலை எட்டு மணிக்கு வருகிற வெயிலோ, ஊறிப்போன சுவர் உலரவும், குழந்தையின் துணி காயவும், முதியவர் முதுகைக் காட்டி உட்காரவும் எல்லோருக்கும் வேண்டியது. மரம் வளர்த்தவர் சித்திரையை நினைத்து வளர்க்கிறார். அண்டை வீட்டார் மார்கழியை நினைத்து நோகிறார். இருவரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இந்த வழக்கின் விசேஷம்.

மரம் எது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜனங்கள் ‘அசோகா மரம்’ என்று அழைக்கும் நெட்டிலிங்கமே பெரும்பாலும் இங்கே குற்றவாளிக் கூண்டில் நிற்பது. பக்கவாட்டில் பரவாமல் நெட்டுக்குத்தாக வளர்வதால் மூன்றடி அகல இடமே அதற்குப் போதும். இலை எப்போதும் பசுமையாக இருக்கும். ஆடு கடிப்பது அபூர்வம். இரும்பு உருக்கும் ஆலைகள் நிறைந்த கும்மிடிப்பூண்டியில், கொல்கத்தா நெடுஞ்சாலையின் லாரி இரைச்சலையும், காற்றில் வந்து திண்ணையில் படியும் கரும்பொடியையும் சகித்துக்கொண்டு வாழ்கிறவர், ஓர் இலைத் திரையாவது இருக்கட்டும் என்று பத்துக் கன்றுகளை மதிலோரம் வரிசையாக நட்டால் அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வராது. தொழிற்சாலைகளும் அதையே செய்கின்றன. வளாகத்தின் 33 சதவீதம் பசுமைப் பரப்பாக இருக்கவேண்டும் என்பது சுற்றுச்சூழல் அனுமதி வழங்கும்போது நெடுங்காலமாக விதிக்கப்பட்டு வந்த நிபந்தனை. அந்தப் பசுமைப் பரப்பின் கடைசி வரிசை சில இடங்களில் லைன் வீடுகளின் பின்சுவரை ஒட்டியே அமைந்துவிடுகிறது.

முன்பும் வேலி இருந்தது. கிளுவை, நொச்சி, ஆடாதொடை, கொடுக்காப்புளி என்று உயிர்வேலிக்கு இந்தப் பக்கத்தில் பஞ்சமே இருந்ததில்லை. அவை ஆள் உயரத்துக்கு மேல் போகாமல் இருந்ததற்குக் காரணம், அக்காலத்து ஜனங்கள் பரோபகாரிகளாக இருந்தார்கள் என்பதல்ல. ஆட்டுக்குத் தழையும் அடுப்புக்கு விறகும் வேண்டியிருந்தது, ஆகவே வேலி தானாகவே வெட்டுப்பட்டது என்பதுதான் என் அபிப்பிராயம். கேஸ் அடுப்பு வந்தது, வேலியை வெட்டும் அரிவாளுக்கு வேலை போயிற்று. இப்போது மரத்தை வெட்டவேண்டுமானால் கூலி கொடுத்து ஆள் பிடிக்கவேண்டும். வெட்டிய கிளையை வாங்கிக்கொள்ளவும் ஆள் கிடையாது.

அப்படிப்பட்ட ஒரு வரிசைக்கு மேற்கே அமைந்த வீட்டைக் கார்த்திகைக் கடைசியில் போய்ப் பார்த்தால் விஷயம் விளங்கும். கிழக்குச் சுவரில் தரையிலிருந்து இடுப்புயரம்வரை பச்சைப் பாசி பிடித்திருக்கும். சுண்ணாம்பு பொரிந்து, விரலால் தொட்டாலே உதிரும். ஜன்னல் கட்டை மழையில் ஊறி உப்பிக்கொண்டு மூட மறுக்கும். காலையில் கொடியில் போட்ட பாவாடை மாலையில் எடுக்கும்போதும் ஈரவாடை அடிக்கும். பகல் பதினோரு மணிக்குச் சமையலறையில் டியூப்லைட் எரியும். மாடிப்படியின் மேல்வளைவில் மட்டும் ஒரு முழ அகலத்துக்கு வெயில் விழுந்திருக்க, அந்த இடத்தில் ஒரு முறத்தில் மிளகாயும், அதை ஒட்டித் தலையணை ஒன்றும் காய்ந்துகொண்டிருக்கும். “இன்னாக்கா, மரத்த கொஞ்சம் கழிச்சி வுடக்கூடாதா, பொழுதெல்லாம் இருட்டா கீது” என்று இந்தப் பக்கத்து அம்மாள் மதில்மேல் எட்டிச் சொன்னால், “ஆள் கெடைக்கலம்மா, பொங்கலுக்குள்ள சொல்றேன்” என்று பதில் வரும். எந்தப் பொங்கல் என்பதுதான் தெரியாது.

இதில் சூரியனுடைய பங்கையும் கொஞ்சம் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. ஏனென்றால் சண்டை போடுகிற இரு தரப்பாரும் அதைக் கணக்கிடுவதில்லை. கும்மிடிப்பூண்டி பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 13.4 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒருமுறையும் ஆகஸ்டு மத்தியில் மறுமுறையும் சூரியன் நடுப்பகலில் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் உச்சிக்குச் சற்று வடக்கேயும், மற்றக் காலமெல்லாம் தெற்கேயும் சாய்ந்து செல்கிறது. டிசம்பர் 21-ஆம் தேதியையொட்டி நடுப்பகல் சூரியன் தெற்கே 53 பாகை உயரத்தில்தான் நிற்கும். அப்போது முப்பதடி மரத்தின் நிழல் வடக்கே ஏறக்குறைய இருபத்திரண்டடி நீளும். அரைக் கிரவுண்டு மனை பெரும்பாலும் இருபதுக்கு அறுபது. அதாவது தெற்கு அண்டைவீட்டார் தம் வடக்கு மதிலோரம் வளர்த்த மரவரிசை, மார்கழி மாதத்து நடுப்பகலிலும் நம் மனையின் இருபதடி அகலம் முழுவதையும் மூடிவிடும். காலை எட்டரை மணிக்கோ நிழல் மரத்தின் உயரத்தைப்போல் இருமடங்காகி வடமேற்கே சாய்ந்து கிடக்கும். அதே மரம் ஜூன் மாதத்து நடுப்பகலில் தெற்கே ஐந்தரை அடிக்குமேல் நிழல் தருவதில்லை. தேவையான காலத்தில் நிழல் இல்லை, தேவையற்ற காலத்தில் நீண்ட நிழல்!

கிழக்கு மேற்கு விஷயம் இன்னும் சுவாரஸ்யமானது. பிற்பகலில் மேற்கு வெயில் சுவரைச் சுட்டு, இரவு பத்து மணிவரை அறையை அடுப்பாக்கிவிடுவதால், விவரமறிந்தவர் தம் மனையின் மேற்கு எல்லையில் மரம் வைக்கிறார். அது சரியான யோசனையும்கூட. ஆனால் அவருடைய மேற்கு எல்லை அடுத்த வீட்டுக்காரருக்குக் கிழக்கு எல்லை. இவருக்கு மாலை வெயிலைத் தடுத்துக் கொடுக்கிற மரமே அவருக்குக் காலை வெயிலைத் தடுத்துவிடுகிறது. எவ்வளவு நல்லெண்ணம் இருந்தாலும் இந்த முரண்பாட்டைத் தீர்க்க முடியாது. உயரத்தைக் குறைத்து அதன் கடுமையைத் தணிக்கலாம், அவ்வளவே.

உயர்ந்த வேலிக்கென்றே தனிச் சட்டம் செய்த தேசம் இங்கிலாந்து. லண்டனில் டிசம்பர் மாதத்து நடுப்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து பதினைந்து பாகைதான் எழும்பும். நமக்கு இருபத்திரண்டடி நிழல் தரும் மரம் அங்கே நூற்றுப்பத்தடிக்குமேல் நிழல் போடும். லேலண்டி என்ற ஒருவகைச் சைப்ரஸ் மரத்தை, அது வருஷத்துக்கு மூன்றடி வளரும் வேகத்தை மெச்சி ஜனங்கள் வேலியாக வைக்க, வழக்குகளும் கைகலப்புகளும் பெருகி, முடிவில் 2003-ஆம் வருஷத்துச் சமூகவிரோத நடத்தைச் சட்டத்தின் எட்டாம் பகுதியில் இதற்கு ஓர் ஏற்பாடு செய்தார்கள். இரண்டு மீட்டருக்குமேல் உயர்ந்து வெளிச்சத்தைத் தடுக்கிற பசுமைமாறா மரவரிசையைப் பற்றி, முதலில் அண்டைவீட்டாரிடம் பேசிப் பார்த்துப் பயனில்லையானால், ஸ்தல ஸ்தாபனத்தில் கட்டணம் கட்டிப் புகார் கொடுக்கலாம். அவர்கள் வந்து பார்த்து, இத்தனை அடிக்குக் குறைக்கவேண்டும் என்று உத்தரவிடலாம். இரண்டு மீட்டருக்கும் குறைவாக வெட்டச் சொல்லவோ வேரோடு எடுக்கச் சொல்லவோ முடியாது. இந்த ஏற்பாடு 2005 ஜூன் முதல் அமலில் இருக்கிறது. கோர்ட்டு வாசலை மிதிக்காமல், நடுவில் ஓர் அதிகாரி நின்று அளவுகோலை வைத்துத் தீர்ப்பது என்ற அந்த யோசனை எனக்கு நல்லதாகவே படுகிறது. நம் ஊராட்சிகளுக்கோ நகராட்சிகளுக்கோ அப்படி ஒரு பொறுப்பைத் தனியாக எந்தச் சட்டமும் இதுவரை கொடுக்கவில்லை.

நமக்கிருப்பது 1882-ஆம் வருஷத்து இந்திய வசதியுரிமைச் சட்டம். விட்லி ஸ்டோக்ஸ் என்ற சட்ட அறிஞர் வரைந்த இந்தச் சட்டம், அவ்வருஷம் ஜூலை 1-ஆம் தேதி முதன்முதலில் அமலுக்கு வந்த பிரதேசங்களில் நம் சென்னை ராஜதானியும் ஒன்று. பம்பாய்க்கு அது 1891-இல்தான் போய்ச் சேர்ந்தது. அதன் 15-ஆம் பிரிவின்படி, ஒரு கட்டடத்துக்குள் வெளிச்சமும் காற்றும் வருவதை ஒருவர் சமாதானமாக, வசதியுரிமையாக, இடையூறின்றி 20 வருஷம் அனுபவித்து வந்தால், அந்த அனுபோகமே முழுப் பாத்தியதையாகிவிடும். பக்கத்திலிருப்பது சர்க்கார் நிலமானால் 30 வருஷம் ஆகவேண்டும். ஆகவே போன வருஷம் கிருகப்பிரவேசம் செய்தவர், பக்கத்து மனையில் மரம் வளர்கிறது என்று இந்தப் பிரிவைக் காட்டிக் கோர்ட்டுக்குப் போனால் பிரயோஜனமில்லை. இருபது வருஷத்துப் பழைய வீட்டுக்காரரும் எல்லா வெளிச்சத்தையும் கேட்க முடியாது. இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1904-இலும், கல்கத்தாவிலிருந்து சென்ற ஒரு வழக்கில் பிரிவி கவுன்சில் 1914-இலும் நிர்ணயித்தபடி, முன்பைவிடக் குறைந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. சாதாரண மனுஷர் சௌகரியமாக வசிப்பதற்குப் போதாத அளவுக்குக் குறைந்தது என்று காட்டவேண்டும். உடலுக்கு வாஸ்தவமான அசௌகரியமோ, வழக்கமாகச் செய்துவந்த தொழிலுக்கு நஷ்டமோ இருக்கவேண்டும் என்று 33-ஆம் பிரிவும் சொல்கிறது.

இதைவிட முக்கியமான ஓர் எல்லை 17-ஆம் பிரிவில் இருக்கிறது. திறந்த நிலத்துக்கு வரும் வெளிச்சத்தை எத்தனை வருஷம் அனுபவித்தாலும் அது உரிமையாகாது. சட்டம் ஜன்னலைக் காக்கும், வாசலைக் காக்கும், முற்றத்தைக் காக்காது. நம்முடைய பெண்டிருக்கு வெயில் வேண்டியிருப்பது பெரும்பாலும் முற்றத்திலும் மாடியிலும்தான். வடாம் காய்வதும் நெல் உலர்வதும் ஜன்னலுக்கு உள்ளே அல்ல. சீமையில் ஜன்னலோரம் உட்கார்ந்து புத்தகம் படிக்கிறவரை மனத்தில் வைத்து வளர்ந்த ஒரு தத்துவத்தை நம் நாட்டில் கொண்டுவந்து நாட்டியபோது, முற்றத்தில் பாய் விரித்து மிளகாய் பரப்புகிறவளின் நஷ்டம் கணக்கில் சேராமல் போயிற்று.

இன்னொரு விஷயம் சாதாரண ஜனங்களுக்குத் தெரியவே தெரியாது. தெரிந்திருந்தால் பல பேர் இத்தனை பொறுமையாக இருந்திருக்கமாட்டார்கள். இருபது வருஷக் கணக்கு நடந்துகொண்டிருக்கும்போது, வேறொருவர் செயலால் வெளிச்சம் தடைப்பட்டு, அந்தத் தடையை அறிந்தும் ஒரு வருஷம் பேசாமல் இருந்துவிட்டால், கணக்கு அறுந்துபோகும். பதினெட்டு வருஷம் அனுபவித்தவரும் மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான். ‘அடுத்த பொங்கலுக்குள் வெட்டுகிறேன்’ என்ற வாக்கை நம்பி வருஷங்களைக் கடத்துகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். வாய்ப்பேச்சுக்குப் பிறகு ஒரு கடிதம், முடிந்தால் பதிவுத் தபாலில், எழுதி நகல் வைத்துக்கொள்வது பகைமையாகாது. இந்த அறுப்புக்காகவே இங்கிலாந்தில் ஒரு காலத்தில் நிலச் சொந்தக்காரர்கள் அண்டைவீட்டு ஜன்னலுக்கு எதிரே பெரிய மரப்பலகைத் தட்டிகளை நிறுத்திவைத்தார்கள். அந்த விகாரம் தாங்காமல், காகிதத்தில் ஓர் அறிவிப்பைப் பதிவு செய்தாலே தட்டி வைத்ததாகப் பாவிக்கலாம் என்று 1959-இல் சட்டம் செய்தார்கள். தட்டி வைப்பதற்கு வாய்ப்பில்லாத நம் மனைப்பிரிவுகளில் நெட்டிலிங்கமே அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது.

அரிவாள் எடுப்பதைப் பற்றியும் சொல்லவேண்டும். எல்லையைத் தாண்டி நம் பக்கம் நீட்டிய கிளையை, பக்கத்து மனையில் கால் வைக்காமல் நம் பக்கத்திலிருந்தே எல்லைவரை வெட்டிக்கொள்ளலாம் என்பது பிரபுக்கள் சபை 1894-இல் தீர்த்து வைத்த பழைய நியாயம். நம் கோர்ட்டுகளும் அந்த வழியிலேயே சென்றிருக்கின்றன. வெட்டிய கிளையில் மாங்காய் தொங்கினால் அது மரத்துக்காரருடையது; எடுத்து ஊறுகாய் போட்டுவிட்டால் ஈடு கொடுக்க நேரும். ஆனால் நெட்டிலிங்கம் கிளை நீட்டுவதில்லை. தன் எல்லைக்குள்ளேயே நிமிர்ந்து நின்று நிழலை மட்டுமே அனுப்புகிறது. நிழலை வெட்ட முடியாது. வெளிச்சத்துக்கு நமக்கு முழுப் பாத்தியதை இருந்தாலும், தடையை நாமாகவே அகற்றக் கூடாது என்று 36-ஆம் பிரிவு வெளிப்படையாகத் தடுக்கிறது. இரவோடு இரவாக மதில் ஏறி நுனியை வெட்டுகிறவரும், வேரில் ஆசிட் ஊற்றுகிறவரும், வெளிச்சம் கேட்க வந்த வாதி ஸ்தானத்திலிருந்து சொத்தைச் சேதப்படுத்திய பிரதிவாதி ஸ்தானத்துக்குத் தாங்களே இறங்கிக்கொள்கிறார்கள்.

மரம் விழக்கூடிய நிலையில் இருந்தால் வழி வேறு. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் கரையைக் கடந்தபோது சென்னையிலும் திருவள்ளூர் ஜில்லாவிலும் மரங்கள் மதில்மேலும் மின்கம்பிமேலும் சாய்ந்து கிடந்ததைக் கண்டவர்கள், ஐம்பதடி மரம் வீட்டுக்குப் பத்தடியில் நிற்பதை வெயில் விஷயமாக மட்டும் நினைப்பதில்லை. விழுந்து ஆளுக்குச் சேதம் விளைவிக்கும் நிலையிலுள்ள மரத்தை அகற்றவோ முட்டுக்கொடுக்கவோ சொல்லி உத்தரவிட நிர்வாக மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவாக இருந்த அது, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 152-ஆம் பிரிவாக இருக்கிறது. கும்மிடிப்பூண்டிக்காரர் அதற்காகப் பொன்னேரி கோட்டத்தின் அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். வெயில் வரவில்லை என்று அங்கே மனுக் கொடுத்தால் மட்டும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

புதிய சிக்கல் ஒன்று மாடியில் ஏறியிருக்கிறது. 2024 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் தொடங்கிய சூரிய வீடு திட்டத்தில், மூன்று கிலோவாட் சூரியத் தகடு வைக்கிறவருக்கு 78,000 ரூபாய்வரை மானியம் கிடைக்கிறது. தகட்டிலுள்ள செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டிருப்பதால், ஒரு மூலையில் நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுவதன் மின்னோட்டமும் தளர்ந்துவிடும். மாற்றுவழியில் மின்சாரத்தைக் கடத்திவிடும் டையோடுகள் அந்த நஷ்டத்தை ஓரளவு குறைக்குமேயொழிய அடியோடு நீக்காது. ஆகையால் முன்பு பாசியாக இருந்த நஷ்டம் இப்போது மின்கட்டண ரசீதில் ரூபாயாகவே தெரிகிறது. கலிபோர்னியாவில் 1978-லேயே சட்டம் செய்து, தகடு வைத்த பிறகு பக்கத்தில் வளர்கிற மரம் காலை பத்து மணிமுதல் இரண்டு மணிவரை அதன் பத்தில் ஒரு பங்குக்குமேல் மறைக்கக் கூடாது என்றார்கள். ஜப்பானியர் 1972-இல் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பொன்றால் வெயிலையே காக்கத்தக்க நலனாக அங்கீகரித்து, 1976-இல் உயர்ந்த கட்டடங்களின் நிழலைக் குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகலில் மணிக்கணக்கில் அளக்கும் விதியையும் கொண்டுவந்தார்கள். ஜன்னலையும் கதவையும் திறப்பையும் பேசுகிற நம் 1882-ஆம் வருஷத்துச் சட்டத்தில் மொட்டை மாடித் தகடு எந்த இடத்தில் உட்காரும் என்பது வக்கீல்களுக்கு நல்ல வரும்படி தரப்போகிற கேள்வி.

கௌடில்யருடைய அர்த்தசாஸ்திரத்திலும் வீடு மனை விவகாரங்களைப் பற்றிய பகுதியில், வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே விடவேண்டிய இடைவெளியும், வெளிச்சத்துக்காக உயரத்தில் சிறு ஜன்னல் வைக்கும் முறையும் சொல்லப்பட்டு, அண்டைவீட்டார் பரஸ்பர சம்மதத்தால் வேறுவிதமாக ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்றும் இடம் விடப்பட்டிருக்கிறது. அந்தக் கடைசி வழியே இன்றைக்கும் செலவு குறைந்தது. முன்சீப் கோர்ட்டில் வருஷக்கணக்கில் வாய்தா வாங்குவதற்கு முன், தாலுகா சட்டப்பணிக் குழுவை அணுகி மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடித்துக்கொண்டால், அந்தச் சமரசம் கோர்ட்டு டிக்ரிக்குச் சமானம். அதன்மேல் அப்பீல் கிடையாது. பேச்சில் தீர்மானிக்கவேண்டியவை மூன்றே: மரம் எத்தனை அடிக்குமேல் போகக் கூடாது, எந்த மாதம் வெட்டுவது, கூலியை யார் கொடுப்பது. ஐப்பசி மழைக்கு முன் புரட்டாசியில் வெட்டினால் புயலுக்கும் பாதுகாப்பு, மார்கழிக்கும் வெளிச்சம். வெட்டிய தழையை யார் அப்புறப்படுத்துவது என்பதையும் எழுதிக்கொள்வது உத்தமம். சமாதானமான பல வீடுகளில் சண்டை மறுபடி மூண்டது அந்தக் குவியலில்தான்.

முத்திரைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு பீரோவில் வைத்துவிட்டால் வேலை முடிந்ததென்று நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அண்டைவீட்டார் அனுமதியால்தான் வெளிச்சம் வருகிறது என்று தோன்றும்படி ஒப்பந்தம் எழுதிவிட்டால், அதன் கீழ் அனுபவித்த வருஷங்கள் இருபது வருஷக் கணக்கில் சேரமாட்டா. 15-ஆம் பிரிவின் விளக்கம் அதைத் தெளிவாகவே சொல்கிறது. ஆதலால் வெளிச்சம் வசதியுரிமையாகவே கொடுக்கப்படுகிறது என்று வாசகத்தில் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்துகொள்ளவேண்டும். அப்படிச் செய்தால் நாளைக்கு அந்த வீட்டை வாங்க வருகிறவர், வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்கும்போது, கிணறு, பாதை, அடமானம் இவற்றோடு மதிலோரத்து மரத்தின் உயரத்தையும் படித்துத் தெரிந்துகொள்வார்.